முடிச்சு ஏன் பிடிக்கிறது?

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "ஏலகிரியில் நண்பர்களோடு கூடாரம் போட்டோம். சாயங்காலம் விறைப்பாக நின்ற கயிறு, ராத்திரி மழையில் தொளதொளவென்று தொங்கிவிட்டது. முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு இறுக்கினோம். விடிந்ததும் அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம். எந்த முடிச்சு போட்டிருக்க வேண்டும்?"

அவர்கள் செய்த தவறு எல்லோரும் செய்வதுதான். கயிறு நழுவினால் கை தானாக இன்னும் இறுக்கத்தான் போகிறது. ஆனால் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது நாம் கொடுக்கும் இறுக்கம் இல்லை, கயிறு எடுக்கும் சுற்று. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். திரைச்சீலை தொங்கவிடும் வழுவழுப்பான ஸ்டீல் குழாய் ஒன்று, இரண்டு மீட்டர் பருத்திக் கயிறு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும்.

கயிற்றின் ஒரு முனையில் பாட்டிலைக் கட்டுங்கள். மறுமுனையில் ஒரு சின்ன பாலித்தீன் பையைக் கட்டி, கயிற்றைக் குழாய் மேல் போட்டுத் தொங்கவிடுங்கள். இப்போது கயிறு குழாயை அரைச் சுற்று தொட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டில் கீழே வராமல் இருக்கப் பையில் சுமார் 450 கிராம் வேண்டும். கயிற்றை இன்னும் ஒரு முழுச்சுற்று சுற்றினால் 95 கிராம் போதும். இரண்டாவது சுற்றுக்கு 20 கிராம், மூன்றாவதுக்கு வெறும் 4 கிராம். இது உராய்வுக் கெழு (கயிறும் குழாயும் எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.25 என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் கயிற்றையும் குழாயையும் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏறிவிட்டால் கணக்கு மாறிவிடும். பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏழே முக்கால் கிராம். அப்படியானால் கூடுதலாக இரண்டு சுற்று சுற்றிய கயிற்றில், மூன்று நாணயங்கள் ஒரு லிட்டர் தண்ணீரைத் தூக்கி நிறுத்துகின்றன!

ஒவ்வொரு சுற்றும் ஒரே அளவு பிடியைக் கூட்டியிருந்தால் இப்படி நடக்காது. இங்கே ஒவ்வொரு சுற்றும் முந்தைய பிடியைப் பெருக்குகிறது. கயிறு குழாயைத் தொடும் வளைவைப் பொடிப்பொடித் துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் எவ்வளவு இழுவிசை இருக்கிறதோ அதற்கேற்ப அது குழாயை அழுத்தும். அழுத்தத்துக்கேற்ப உராய்வு வரும். அந்த உராய்வு இழுவிசையில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொண்டு மிச்சத்தை அடுத்த துண்டிடம் ஒப்படைக்கும். அடுத்த துண்டும் தன்னிடம் வந்ததில் அதே விகிதத்தைத் தாங்கும். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைத் திருப்பிப் போட்ட மாதிரி, ஒவ்வொரு துண்டிலும் பாரம் கரைந்துகொண்டே வருகிறது. இந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் கணித மேதை ஆய்லர்.

ஆய்லரின் சூத்திரத்தில் மிக அழகான விஷயம், அதில் இல்லாத ஒன்று. குழாயின் தடிமன் அதில் வரவே வராது. பென்சில் தடிமனோ, பனைமரத் தடிமனோ, எத்தனை பாகை திரும்பியது என்பதுதான் கணக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சரி, இடமும் வலமும் மாறி மாறி வளைந்தாலும் எல்லாம் கூடிக்கொண்டே போகும். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டீல் தூண் நட்டு, அத்தனையையும் வளைத்து ஒரே கயிற்றைக் கொண்டுபோனதாக வைத்துக்கொள்வோம். வளைவுக்கு அரைச் சுற்று, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் 2.2 மடங்கு. பதினான்கு முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 60,000 மடங்கு வருகிறது. கயிற்றின் சொந்த எடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், மேலே ஒரு பத்து ரூபாய் நாணயத்தைத் தொங்கவிட்டுக் கீழே 450 கிலோ பாரத்தை நிறுத்தலாம். நல்ல வளர்ந்த காளையின் எடை அது.

சரி, கடைசியில் அந்த நாணயத்தின் வேலையை யார் செய்வது? மரத்தில் கட்டிய கயிற்றின் நுனியில் யாரும் சில்லறை தொங்கவிடுவதில்லை. முடிச்சு என்ற யோசனையின் உயிரே இங்கேதான் இருக்கிறது: கயிறு தன் நுனியைத் தானே மிதித்துக்கொள்கிறது. பந்தல்காலிலும் சாரத்திலும் பயன்படும் எளிய கட்டைப் பாருங்கள். சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு 'குளோவ் ஹிட்ச்' என்று தெரிந்திருக்கும். கட்டையை ஒரு சுற்று சுற்றி, முதல் சுற்றின் மேல் குறுக்கே ஏறி, இன்னொரு சுற்று வந்து, அந்தக் குறுக்குக் கயிற்றுக்கு அடியிலேயே நுனியைச் சொருகுகிறோம். பாரம் இழுக்க இழுக்கக் குறுக்குக் கயிறு நுனியை நசுக்குகிறது. பத்து கிலோ இழுத்தால் அதற்கேற்ற நசுக்கல், நூறு கிலோ இழுத்தால் பத்து மடங்கு நசுக்கல்.

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு வருகிறது. 1977இல் பேமன் என்ற இயற்பியலாளர் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எல்லை உராய்வு உண்டு. கயிற்றின் உராய்வு அதைத் தாண்டினால் எவ்வளவு இழுத்தாலும் கட்டு நழுவாது. கயிறே அறுந்தாலும் அறுமே தவிர நழுவாது. எல்லைக்குக் கீழே இருந்தாலோ, லேசாக இழுத்தாலே உருவிக்கொண்டு வந்துவிடும். தேங்காய் நார்க் கயிற்றில் பாறை மாதிரி நிற்கும் கட்டு, வழுவழுப்பான செயற்கைக் கயிற்றில் நழுவுவதற்கு இதுதான் காரணம். அங்கே பல்லைக் கடித்து இறுக்கிப் பயனில்லை. ஒரு சுற்று கூட்டினால் எல்லை இறங்கும், கட்டு நிற்கும்.

கடையில் 'நைலான் கயிறு' என்று கேட்டால் பல நேரம் கொடுப்பது பாலிப்ரோப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் கயிறு. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், மூழ்கினால் நைலானாக இருக்கலாம். இந்த வேறுபாடு மழைக்கு முக்கியம். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். கூடாரக் கயிறு ராத்திரியில் தளர்வது இதனால்தான். பாலிப்ரோப்பிலீன் ஈரம் உறிஞ்சாது, ஆனால் வழுக்கும், வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். நாரும் பருத்தியும் நேர்மாறு: நனைந்தால் இழைகள் உப்பும், முறுக்கிய இழை உப்பிய கயிற்றைச் சுற்றிவர அதிக நீளம் தேவைப்படும், அதனால் கயிறு மொத்தமாகக் குட்டையாகிவிடும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய பருத்திக் கயிறு ராத்திரி மழையில் முளையையே பிடுங்கிவிடும். அதைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டுக் கட்ட வேண்டும்.

ஆக, கூடாரத்துக்கு வேண்டியது கையால் நகர்த்தினால் நகர்ந்து, கயிறு இழுத்தால் நிற்கும் முடிச்சு. 'டாட்-லைன் ஹிட்ச்' என்பார்கள். கூடாரத்திலிருந்து வரும் கயிற்றை முளையைச் சுற்றித் திருப்புங்கள், நுனியில் 40 செ.மீ. கையில் இருக்கட்டும். இப்போது முளைக்கும் கைக்கும் நடுவே ஒரு பெரிய வளையம் இருக்கிறது. நுனியால் இழுபடும் கயிற்றை, அந்த வளையத்துக்கு உள்ளேயே, முளைப் பக்கமாக நகர்ந்தபடி இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு நுனியை வளையத்துக்கு வெளியே, கூடாரப் பக்கம் கொண்டுவந்து, அதே திசையில் இன்னொரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றின் அடியிலேயே சொருகி இழுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது உள்சுற்றில்தான். இரண்டும் வளையத்துக்கு வெளியே போய்விட்டால் முடிச்சு பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பிடிக்காது. வழுக்கும் கயிறானால் உள்ளே மூன்று சுற்று.

பாரம் ஏறும்போது இழுபடும் கயிறு இந்தச் சுற்றுகளுக்குள் முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடிப்பு திரும்பும் பாகையைக் கூட்டிப் பிடித்துக்கொள்ளும். கையால் முடிச்சைப் பிடித்துத் தள்ளினால் மடிப்பு நேராகி நகரும். ராத்திரி மழையில் எழுந்து ஒருமுறை தள்ளிவிட்டால் போதும், அவிழ்க்கவே வேண்டாம். முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள்.

அடிக்கடி தேவைப்படும் இன்னும் இரண்டு முடிச்சுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தடித்த கயிற்றோடு மெல்லிய கயிற்றைச் சேர்க்க, தடித்ததை 'ப' போல மடித்து, மெல்லியதை மடிப்புக்குள் நுழைத்து, பின்பக்கமாக இரண்டு கால்களையும் சுற்றித் தன் அடியிலேயே சொருக வேண்டும். இறுகாத வளையம் வேண்டுமென்றால் போலைன்: கயிற்றில் ஒரு சின்னக் கண் போட்டு, நுனியைக் கீழிருந்து கண்ணுக்குள் ஏற்றி, இழுபடும் கயிற்றின் பின்னால் சுற்றி, அதே கண்ணுக்குள் இறக்குவது. மீதி வால், கயிற்றின் தடிமனைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு இருக்கட்டும். முடிச்சு விழுந்த கயிறு, தன் பலத்தில் பாதி முதல் முக்கால் பங்குதான் தாங்கும் என்பதால் ஆளைத் தொங்கவிடும் வேலைக்குக் கடைக் கயிறு கூடவே கூடாது.

எல்லோருக்கும் தெரிந்த ரீஃப் முடிச்சில் ஒரு பொறி உண்டு. வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல் போட்டால் அது ரீஃப். இரண்டு முறையும் ஒரே கை மேலே போனால் அவிழ்ந்துவிடும். 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், இழுத்தால் நிறம் மாறும் இழைகளில் முடிச்சு போட்டுப் பார்த்து இதன் காரணத்தை வெளியிட்டார்கள். நல்ல முடிச்சில் கயிறு ஒரு குறுக்கில் இடப்பக்கமும் அடுத்த குறுக்கில் வலப்பக்கமும் முறுகும். ஒன்றை ஒன்று தடுக்கும். கெட்ட முடிச்சில் இரண்டும் ஒரே பக்கம் முறுகுவதால் கயிறு உருண்டு நழுவுகிறது. ஷூ கயிற்றைக் கட்டும் விஷயத்துக்கா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள், அறுவை சிகிச்சைத் தையலும் முடிச்சுதான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் அரசுப் பள்ளி ஆய்வகங்களில் அந்தப் பாட்டில் சோதனைக்கு ஒரு ரூபாய்கூட நிதி தேவையில்லை. செய்முறைப் பாடத்தில் அது இல்லாதது பெரிய இழப்பு.

ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் போகிறவர்கள் ஒரு முடிச்சை மட்டும் போடவே கூடாது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்தக் கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தித் தசையைச் சாகடிக்கும், விரியன் கடியில் இன்னும் மோசம். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது, தேங்கிய நஞ்சு ஒரேயடியாகப் பரவும். மருத்துவர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். மந்திரம், கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்துவிட்டு, கடிபட்ட காலை அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் துணியால் கட்டுங்கள். அதற்கு ரீஃப் முடிச்சு பொருத்தம், தட்டையாக உட்காரும், அவிழ்க்கவும் எளிது. துணிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.