ஐக்கியம்: ஒற்றுமையா, கூட்டுறவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சபையின் அறிவிப்புத் தாளில் வாரம் தவறாமல் வரும் சொல் ஐக்கியம். வாலிபர் ஐக்கியம், மாதர் ஐக்கியம், அப்புறம் ஐக்கிய விருந்து. பொருள் கேட்டால் எல்லாரும் 'ஒற்றுமை' என்பார்கள். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் சரிதான். வடமொழியில் 'ஏக' என்றால் ஒன்று. அதிலிருந்து வந்த 'ஐக்ய' ஒன்றாயிருத்தல். சைவர்கள் 'சிவனோடு ஐக்கியமானார்' என்பதும் இதே சொல்லைத்தான்.

ஆனால் வேதாகமத்தில் ஐக்கியம் என்று வாசிக்கும் இடங்களில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'கொய்னோனியா'. அதன் வேர் 'கொய்னோஸ்', அதாவது பொதுவானது. பலருக்கும் பொதுவான ஒன்றில் பங்கு வைத்திருப்பதுதான் கொய்னோனியா. ஒன்றாயிருத்தலுக்குக் கிரேக்கத்தில் 'ஹெனொடேஸ்' என்று தனிச்சொல் உண்டு. எபேசியர் 4:3-ல் அது வரும்போது நம் பழைய மொழிபெயர்ப்பு அழகாக 'ஆவியின் ஒருமை' என்கிறது.

கொய்னோனியாவுக்குத்தான் தமிழில் ஒரே சொல் நிலைக்கவில்லை. 1 யோவான் 1:3-ல் ஐக்கியம், அப்போஸ்தலர் 2:42-ல் அந்நியோந்நியம். ரோமர் 15:26-ல் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைச் சொல்லும்போது 'பொருள் சகாயம்'! கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் 'நட்புறவு' என்கிறது. காதுக்கு இனிமை, ஆனால் பங்கு என்ற பொருள் அதில் கழன்றுவிடுகிறது.

என் மனதுக்குப் பொருந்துவது கூட்டுறவு. லூக்கா 5:10-ஐப் பாருங்கள். யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் 'கூட்டாளிகள்'. மூலத்தில் 'கொய்னோனோய்', கொய்னோனியாவின் உடன்பிறப்பு. மலேசியாவில் நமக்குக் கூட்டாளி என்றால் சிநேகிதன். தொழிலில் பங்குள்ளவனும் கூட்டாளிதான். கூட்டுறவு என்றால் சங்கமும் பங்குப் பணமும்தான் ஞாபகம் வருகிறது என்பார்கள். வரட்டும். ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்டுக்காரரான அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்கள் கூலியிலிருந்து மாதம் 10 வெள்ளி கட்டி, தோட்டத்தையே வாங்கினார்கள். பங்கு என்றால் என்ன என்று இந்த ஊருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஐக்கியத்தை ஒற்றுமை என்று மட்டும் எடுத்துக்கொண்டால், சபையில் சண்டை இல்லாதிருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். வேலை போன குடும்பம் மூன்று வாரம் ஆராதனைக்கு வராவிட்டாலும் யாருக்கும் தெரிவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், பாட்டி உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசி எடுத்துப் பழைய மைலோ டின்னில் போடுவார். சனிக்கிழமை எல்லா வீட்டு டின்னும் கோயிலில் ஒரே சாக்கில் கொட்டப்படும். சாவு விழுந்த வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அதிலிருந்துதான் அளந்து போகும். பச்சரிசியும் புழுங்கலும் கலந்தே இருக்கும், எது யார் வீட்டு அரிசி என்று சொல்ல முடியாது.