மஞ்சள் குழாயா, பச்சைக் குழாயா?

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பாதையில் நீண்ட ஏற்றங்கள் உண்டு. போன பள்ளி விடுமுறையில் மச்சானின் பத்து வயதுக் காடியில் நாங்கள் ஐந்து பேர் போனோம். பின்னால் சாமான், உள்ளே ஏர்கோன் முழு வேகத்தில். ஏற்றத்தில் அவர் காலை அழுத்தியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மைலோ டின்னில் ரப்பர் கொட்டைகளைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அதே சத்தம். கியரைக் குறைத்தால் நின்றது. மறுபடி அழுத்தினால் வந்தது.

"தொண்ணூத்தஞ்சு ஊத்துனா இப்படித்தான் மச்சான். நாளையிலிருந்து தொண்ணூத்தேழுதான்" என்று என்னிடம் சொன்னார்.

இங்கே மலேசியாவில் மஞ்சள் குழாயில் வருவது ரோன் 95 பெட்ரோல், பச்சைக் குழாயில் வருவது அதைவிட விலை கூடிய ரோன் 97. சுங்கை சிப்புட்டில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். ரோன் 97 போட்டால் காடிக்குப் பலம் வரும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும், மாதம் ஒருமுறை ஊற்றினால் இஞ்சின் உள்ளே கழுவிவிட்ட மாதிரி ஆகும் என்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவரும் சொல்கிறார், பள்ளிக்கூட ஆசிரியரும் சொல்கிறார். சம்பளம் வந்த வாரத்தில் பச்சைக் குழாயை எடுத்து கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளுக்குக்கூட ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் காசு எதற்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சத்தத்தைப் பார்ப்போம்.

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி நுழைகிறது. பிஸ்டன் மேலே வந்து அதைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமல்லவா? அதே காரணத்தால் இந்த ஆவியும் சூடேறி, 300 பாகை செல்சியசைத் தாண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் பொறி விடும். பொறி விட்டதும் எல்லாம் ஒரேயடியாக வெடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லாலான் புல் மேட்டில் ஒரு மூலையில் வைத்த தீ மெல்ல நடந்து மறு மூலைக்குப் போவதுபோல, சிலிண்டருக்குள்ளும் தீ பிளக்கில் தொடங்கிச் சுவரை நோக்கி நடக்கிறது. மெல்ல என்று நான் சொல்வது ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம். இஞ்சினுக்கு அது போதும். பிஸ்டனைத் தட்டாமல், கையை வைத்து அழுத்தித் தள்ளுவதுபோல் இறக்கிவிடும்.

தீ நடந்து வரும்போது, இன்னும் எரியாமல் மூலையில் காத்திருக்கும் ஆவி மேலும் நசுங்குகிறது, மேலும் சூடேறுகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வெயில் காலத்து மத்தியானத்தில் ரப்பர் காய்களை யாரும் தொடாமலே மேலே பட் பட்டென்று வெடித்துக் கொட்டைகள் தகரக் கூரையில் வந்து விழும். வெயிலில் காய்வது ஓர் அளவைத் தாண்டினால் காய் தாங்காது. அந்த மூலை ஆவியும் அப்படித்தான். தாங்கவில்லை என்றால், தீ வந்து சேரும் முன்பே தானாக, ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி எதிரொலிக்கும். காடிக்குள் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது கடகடவென்று கேட்கும். இதைத்தான் பட்டறையில் நாக்கிங் என்கிறார்கள். எப்போதாவது ஓரிரு தடவை வந்தால் பரவாயில்லை. நாள்கணக்கில் பலமாக அடித்தால் பிஸ்டனின் தலை ஓட்டையாகும்.

பம்பில் எழுதியிருக்கும் ரோன் 95, 97 என்பவை ஆக்டேன் எண்கள். ஆக்டேன் எண் சொல்வது, பெட்ரோல் இந்தச் சூட்டையும் அமுக்கத்தையும் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும்தான். அது பொறுமையின் அளவு. பலத்தின் அளவு இல்லை. ரோன் 95 ஆனாலும் 97 ஆனாலும் ஒரு லிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான், 32 மெகாஜூல் அளவில்.

இந்த எண் பிறந்த கதையில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. 1926ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் ஓர் அளவுகோலைத் தேடினார். நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 கொடுத்தார். கொஞ்சமும் தாங்காத ஹெப்டேனுக்கு 0. ரோன் 95 என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் பெட்ரோல். சோதிப்பதற்கென்றே ஒரே ஒரு சிலிண்டர் உள்ள இஞ்சின் இருக்கிறது. அதை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடவிட்டு, ஓடும்போதே அமுக்கத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் கலப்படம் இல்லாத ஹெப்டேன் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கலிபோர்னியா பக்கம் வளரும் ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினைக் காய்ச்சி வடித்து எடுத்தார்கள். பால் மரம் வெட்டிப் பிழைத்த ஊர்க்காரனுக்கு இதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

சரி, அதிகம் தாங்கும் எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? அது காடியைப் பொறுத்தது.

இன்றைய இஞ்சினின் உடம்பில் நாக் சென்சார் என்று ஒன்று திருகப்பட்டிருக்கும். அதற்குள் அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு துண்டு இருக்கிறது. நாக்கிங்கின் அதிர்வு வந்ததும் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். கம்ப்யூட்டர் உடனே பொறி விடும் நேரத்தைச் சில பாகை தள்ளிப்போடும். சத்தம் அடங்கும், கொஞ்சம் பலமும் குறையும். பிறகு மெல்ல மெல்லப் பழைய நேரத்துக்குத் திரும்பிப் பார்க்கும். பொறியை எதுவரை முன்னே கொண்டுபோகலாம் என்ற எல்லையைத் தொழிற்சாலையிலேயே எழுதிவிடுகிறார்கள். ரோன் 95க்கு எழுதிய இஞ்சினில் 97 ஊற்றினால், கூடுதல் பொறுமை இருக்கிறது, ஆனால் அதைக் கேட்பார் இல்லை. மைவி, சாகா, ஆக்சியா என்று நம் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் 95க்கு என்றே விற்கப்பட்டவை. கப்சாய் மோட்டாரும் அப்படியே. டர்போ உள்ள சில காடிகளும், அமுக்க விகிதம் அதிகமாக வைத்து 98க்கென்று சரிசெய்யப்பட்ட சில ஐரோப்பியக் காடிகளும் வேறு வகை. அவற்றில் 95 போட்டால் ஓடும், ஆனால் கம்ப்யூட்டர் பொறியைத் தள்ளிப்போட்டபடியே இருக்கும். அவற்றுக்கு 97 போட்டால் வித்தியாசம் தெரியும், அதுவும் ஏற்றத்திலும் முந்தும்போதும்தான்.

அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற வாகனமோட்டிகள் சங்கம் இதைச் சோதித்தது. சாதாரண எண்ணெய்க்கென்று செய்யப்பட்ட காடிகளில் உயர்ந்த ரகத்தால் குறிப்பிடும்படி எந்த நன்மையும் இல்லை என்று 2016இல் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, உயர்ந்த ரகம் நல்லது என்று தயாரிப்பாளரே பரிந்துரைத்த காடிகளை எடுத்துக்கொண்டார்கள். கட்டாயம் என்று சொல்லப்பட்டவை அல்ல, பரிந்துரை மட்டும். சராசரியாக எண்ணெய்ச் சிக்கனம் 2.7 விழுக்காடும் குதிரைத் திறன் 1.4 விழுக்காடும் கூடின. (அவர்கள் ஊர் பம்பில் எழுதியிருக்கும் 87, 91, 93 வேறு கணக்கு. நம் ரோனோடு நேராக ஒப்பிட வேண்டாம்.)

இப்போது நம் கணக்கு. 2024இன் தொடக்கத்தில் ரோன் 95 லிட்டர் 2.05 வெள்ளி (ரிங்கிட்), ரோன் 97 லிட்டர் 3.47 வெள்ளி. நாற்பது லிட்டர் போட்டால் 82 வெள்ளிக்கும் 138 வெள்ளி 80 சென்னுக்கும் இடையே 56 வெள்ளி 80 சென் வித்தியாசம். மாதம் மூன்று டாங்கி போடுகிறவருக்கு 170 வெள்ளி 40 சென். இந்தக் காசை ஓட்டத்திலேயே திருப்பி எடுக்க வேண்டுமென்றால், 95இல் நூறு கிலோமீட்டர் போகும் அளவு எண்ணெயில் 97 நூற்று அறுபத்தொன்பது கிலோமீட்டர் போக வேண்டும். அமெரிக்கச் சோதனையில் கிடைத்ததோ 2.7 விழுக்காடு, அதுவும் அதற்கேற்ற காடிகளில்.

விலையில் இவ்வளவு இடைவெளி இருப்பதைப் பார்த்து, தரத்திலும் அவ்வளவு இடைவெளி இருக்கும் என்று நம் ஆட்கள் எண்ணிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம். 97 உலகச் சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. 95இன் விலையில் ஒரு பகுதியை அரசாங்கம் தாங்குகிறது. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி பூடி 95 என்ற மானியத் திட்டம் தொடங்கியபோது, குடிமக்கள் மைகார்ட் என்ற அடையாள அட்டையைக் காட்டி மாதம் 300 லிட்டர் வரை 1.99 வெள்ளிக்கு வாங்கலாம் என்று ஆனது. ஆகவே இடைவெளியில் பெரும் பகுதி மானியம். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளியே வரும்போது இரண்டுக்கும் இவ்வளவு தூரம் கிடையாது.

கழுவும் கதைக்கு வருவோம். இஞ்சினுக்குள் படியும் கரியைக் கரைக்க எண்ணெயில் ஒரு சுத்தப் பொருளைக் கலக்கிறார்கள். அது வேறு, ஆக்டேன் வேறு. இங்குள்ள பெரிய நிறுவனங்கள் 95லும் அதைக் கலந்துதான் விற்கின்றன. சிலர் 97இல் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறார்கள், அது உண்மை. ஆனால் கரி வருடக்கணக்கில் படிவது. மாதம் ஒரு டாங்கியில் போகாது. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் புது வகை இஞ்சின்களில் எண்ணெய் உள்வால்வைத் தொடுவதே இல்லை. எந்த ரகத்தை ஊற்றினாலும் அந்த வால்வு கழுவப்படாது. 97இல்தான் கந்தகம் குறைவு என்ற பழைய பேச்சும் இன்னும் சுற்றுகிறது. எண்ணெயின் சுத்தத்துக்கு வரம்பு வைக்கும் யூரோ 4எம் தரம் 97க்கு 2015 செப்டம்பரிலும் 95க்கு 2020 ஜனவரியிலும் வந்துவிட்டது. அந்தத் தரத்தின்படி இரண்டுக்கும் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 50 பங்குதான்.

உங்கள் காடிக்கு எது என்று தெரிந்துகொள்ள எண்ணெய் மூடியின் உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒட்டியிருப்பது குறைந்த அளவா, பரிந்துரையா என்று நிதானமாகப் படியுங்கள். இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். 95 என்று இருந்தால் மஞ்சள் குழாய். 97, 98 கட்டாயம் என்று இருந்தால் பச்சைக் குழாய், அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பரிந்துரை மட்டும் என்றால் ஊருக்குள் ஓட்ட 95 போதும். மலைக்குப் போகும் நாளில், ஐந்து பேரும் சாமானும் ஏறும்போது, 97 போடலாம். டாங்கியில் பாதி அது பாதி இது இருந்தாலும் கெடுதல் இல்லை, 96 போல நடந்துகொள்ளும்.

மச்சானின் மூடியில் 95 என்றுதான் எழுதியிருந்தது. அப்படியானால் ஏன் அந்தச் சத்தம்? மலையிலிருந்து இறங்கிய மறுநாள் பட்டறைக்குப் போனோம். பட்டறை அண்ணன் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். முனை தேய்ந்து, ஓரத்தில் வெள்ளைச் சாம்பல் பூத்திருந்தது. நடுவே யாரோ விலை குறைவு என்று வேறு வெப்ப அளவுள்ள பிளக்கை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட முனை தணலாகச் சிவந்து பக்கத்து ஆவியையும் கூடுதலாகச் சூடாக்கும். பிஸ்டன் தலையில் கரி வேறு தடித்திருந்தது. கரி படிந்தால் உள்ளே இடம் குறையும், அமுக்கம் கூடும், சூடு வெளியேறாது. ரேடியேட்டரில் தண்ணீரும் குறைவு.

"எண்ணெய மாத்தாத தம்பி, பிளக்க மாத்து" என்றார் அண்ணன்.

97 ஊற்றியிருந்தால் அன்றைக்குச் சத்தம் அடங்கியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அதிகம் தாங்கும் எண்ணெய் அந்தச் சூட்டையும் தாங்கியிருக்கும். மச்சானும் மருந்து வேலை செய்தது என்று நம்பி மாதாமாதம் வாங்கியிருப்பார். தண்ணீர் குறைந்த ரேடியேட்டர் அப்படியே இருந்திருக்கும்.

சரியான பிளக் நான்கு மாட்டி, கரியை எடுத்து, ரேடியேட்டரை நிரப்பி வாங்கி வந்தோம். தீபாவளிக்கு முந்திய வாரம் அதே ஐந்து பேர், அதே ஏற்றம், மஞ்சள் குழாய் எண்ணெய். அழுத்திப் பார்க்கச் சொல்லி நான் ஏர்கோனையும் ரேடியோவையும் அடைத்துவிட்டுக் காது கொடுத்தேன். டயர் சத்தமும், பின் இருக்கையில் பிள்ளைகள் முறுக்கு கடிக்கும் சத்தமும்தான் கேட்டன.