எதிர்க்காற்றில் பாய் எப்படி ஓடுகிறது?

செம்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். சித்திரையில் ஒரு பின்னேரம், வெள்ளைப் பாய்ப்படகொன்று காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து தெற்கே போனதைக் கரையில் நின்று பார்த்தாராம். "எஞ்சினைப் போட்டுவிட்டுப் பாயைச் சும்மா காட்டினவையோ?" இல்லை ஐயா, எஞ்சின் ஓடவேயில்லை. அந்தப் படகில் இருந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர். மத்தியானம் தாண்டிப் புறப்பட்டது எங்கள் பிழை, கடற்காற்று தென்கிழக்குக்குத் திரும்பி நேரே முகத்தில் அடித்தது. நேர் எதிரே எந்தப் பாயும் போகாது, படபடவென்று அடித்துக்கொண்டு நிற்கும். ஏறத்தாழ 45 பாகை விலகி, முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம் என்று மாறி மாறி ஓட வேண்டும். 10 கிலோமீற்றர் முன்னேற 14 கிலோமீற்றர் ஓட்டம்.

பாயின் வேலை சுலபம். வளைந்த துணி வருகிற காற்றைத் திருப்பிவிடுகிறது, நியூட்டன் சொன்னபடி காற்றும் பாயைத் தள்ளுகிறது. (வெளிப்பக்கக் காற்று நீண்ட வழி போவதால் உள்பக்கக் காற்றை எட்டிப்பிடிக்க விரைகிறது என்று இன்னும் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரிந்த காற்றுக்கு மறுபடி சேர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை!) சிக்கல் என்னவென்றால், அந்தத் தள்ளலில் பெரும்பகுதி பக்கவாட்டில், கொஞ்சம்தான் முன்னே. அடி தட்டையான வள்ளத்தில் பாய் கட்டினால் நண்டு மாதிரிப் போக வேண்டியதுதான்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். படகின் அடியில் இறங்கி நிற்கும் தகடு, அதாவது கீல் (keel), நீருக்குள் இருக்கிற இன்னொரு பாய். பலகையொன்றை நந்திக்கடலில் குத்தாக இறக்கி நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வரும். முகத்தோடு தள்ளினால் மல்லுக்கட்டும். ஆனால் கீல் வெறுமனே தடுப்பதில்லை. படகு சில பாகை பக்கமாக வழுக்குகிறது, அதனால் நீர் கீலில் கோணலாகப் பட்டுத் திரும்புகிறது, அந்தத் திருப்பம் பாயின் பக்கத்தள்ளலுக்குச் சரிசமமாக எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் கழிந்துபோக மிஞ்சுவது அந்தக் கொஞ்ச முன்தள்ளல். துளியும் வழுக்காவிட்டால் கீல் வேலையே செய்யாது! சரி, அவ்வளவு பெரிய பாய்க்கு இந்தச் சின்னத் தகடு எப்படி ஈடு? நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. காற்று படகைவிட 3 மடங்கு வேகமாக அடித்தாலும், விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அதற்குக் கிடைக்கும் அனுகூலம் 9 மடங்குதான்.

புறப்படும்போது நண்பன் அணியத்தில், படகின் முன்முனையில், எலுமிச்சம்பழம் கட்டினான். கட்டட்டும். படகு சாயும்போதெல்லாம் அவனும் பழத்தைப் பார்க்கவில்லை, பாய்க்கயிற்றைத்தான் பார்த்தான்.

வழுக்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாயாற்றுக்கு நேரே வந்தபோது அவனைத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். நுரைத்தடம் நேர் பின்னால் இல்லை, காற்று வருகிற பக்கமாகச் சற்று விலகிக் கிடந்தது. அவன் சுக்கானைச் சந்தேகப்பட்டான்.