ஆப்டோஎலக்ட்ரானிக் சென்சிங்: ஒளிமின்னணுவா, ஒளி-மின்னா?

ஒரே ஒரு மூலக்கூறைப் பிடிச்சு அது என்னன்னு கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியைப் படிக்கும்போது அடிக்கடி கண்ணுல படுற வார்த்தை ஆப்டோஎலக்ட்ரானிக் சென்சிங், அதாவது ஒளியையும் மின்சாரத்தையும் வச்சு உணர்றது. இதைத் தமிழ்ல என்னன்னு சொல்றது? டிக்‌ஷனரி பாத்தா ஆப்டோஎலக்ட்ரானிக்குக்கு ஒளிமின்னணுன்னு இருக்கும், அதையே இங்கயும் தூக்கி வச்சா எனக்கு ஒட்டல.

முதல்ல வேர். ஆப்டோங்கிறது கிரேக்கத்துல பார்வை சம்பந்தப்பட்டது, அதை நாம ஒளின்னு மாத்திக்கிட்டோம். எலக்ட்ரான்னா அம்பர், அதாவது மரப்பிசின் இறுகி கல்லு மாதிரி ஆனது, தேய்ச்சா துரும்பை இழுக்கும்ல, அதை வச்சு 1600ல வில்லியம் கில்பர்ட் லத்தீன்ல ஒரு சொல்லு உண்டாக்குனாரு, அப்புறம் 1891ல ஸ்டோனிங்கிற இயற்பியலாளர் மின்னூட்டத்தோட அடிப்படை அலகுக்கு எலக்ட்ரான்னு பேரு வச்சாரு. எலக்ட்ரானிக்ஸ் நமக்கு மின்னணுவியல், இலங்கையில இலத்திரனியல்.

எல்இடி, சோலார் செல்லுக்கெல்லாம் ஒளிமின்னணு சரிதான், அங்க மின்சாரம் ஒளியா மாறும் இல்ல ஒளி மின்சாரமா மாறும். ஆனா மூலக்கூறு விஷயத்துல மாற்றமே முக்கியம் இல்ல. ஒரு சவ்வுல சில நானோமீட்டர் அகல ஓட்டை, ரெண்டு பக்கமும் உப்புத்தண்ணி, வோல்டேஜ் குடுத்தா உப்புல இருக்கிற அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) ஓட்டை வழியா ஓடும், அதுதான் கரன்ட், நடுவுல ஒரு டிஎன்ஏ இழை நுழைஞ்சா ஓட்டை அடைபட்டு கரன்ட் சட்டுனு இறங்கும், அந்த இறக்கம் பிகோஆம்பியர் கணக்குல, அதாவது ஒரு ஆம்பியரை லட்சம் கோடி பங்கு போட்ட அளவுல. பாக்டீரியா புரதத் துளை ஒண்ண வச்சு 1996லயே இதைக் காட்டிட்டாங்க. ஆனா கரன்ட் சொல்றது 'ஏதோ ஒண்ணு போச்சு, இவ்வளவு நேரம் அடைச்சுது' அவ்வளவுதான், அதே பருமன்ல வேற குப்பை போனாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இறங்கும். அதனால தேடுற மூலக்கூறுக்கு ஒளிரும் சாயம் ஒட்டி லேசர் அடிக்கிறாங்க. கரன்ட் இறங்குற அதே நொடியில மினுக்குனா நம்ம ஆளு, மினுக்கலைன்னா வேற யாரோ. (லேசர் துளைப் பக்கத்துத் தண்ணியைச் சூடாக்கி கரன்டையே ஏத்திவிடும், அது தனி தலைவலி.) ஒளியை மட்டும் வச்சு ஒத்த மூலக்கூறைப் பாத்தது இன்னும் முன்னாடி, 1989ல மோர்னர், காடோர்ங்கிற ரெண்டு விஞ்ஞானிகள், ஆனா அது கடுங்குளிர்ல ஒரு படிகத்துக்குள்ள இருந்த மூலக்கூறு.

ஆக இங்க ஒளி ஒரு சாட்சி, மின் இன்னொரு சாட்சி. இலக்கணப்படி சொன்னா 'ஒளியும் மின்னும்', இராப்பகல் மாதிரி உம்மைத்தொகை. ஐன்ஸ்டீன் 1905ல விளக்குன ஒளிமின் விளைவு அப்படி இல்ல, அது ஒளியால உண்டாகுற மின், வேற்றுமைத்தொகை. ரெண்டும் குழம்பக்கூடாதுன்னா நடுவுல ஒரு கோடு போட்டுக்கலாம்: ஒற்றை மூலக்கூறு ஒளி-மின் உணர்தல், கருவிக்கு ஒளி-மின் உணரி. எல்இடி பக்கம் பழையபடி ஒளிமின்னணுவே இருக்கட்டும்.