பக்கத்து மனையில் புதர் மண்டினால் மனுவை யாரிடம் கொடுப்பது?

பக்கத்துக் காலி மனையில் உடங்காடு என்னும் முட்புதர் மண்டி, கட்டுவிரியன் வாசற்படி வரை வந்துவிட்ட பிறகும், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்களை நெல்லைச் சீமையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களுடைய கோரிக்கை நியாயமானதுதான். அது போய்ச் சேர்ந்த இடம்தான் பெரும்பாலும் தவறாக இருக்கிறது.

திருநெல்வேலி மாநகராட்சியும், அம்பாசமுத்திரம், களக்காடு போன்ற நகராட்சிகளும், சேரன்மகாதேவி, வள்ளியூர் போன்ற பேரூராட்சிகளும் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்குள் வருகின்றன. கிராம ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். மனு மாநகராட்சியில் மண்டல அலுவலகத்துக்கும், நகராட்சியில் ஆணையாளருக்கும், பேரூராட்சியில் செயல் அலுவலருக்கும், கிராமத்தில் ஊராட்சித் தலைவருக்கும், அங்கே அசைவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போக வேண்டும். அபராதமும் அகற்றும் செலவும் ஊருக்கு ஊர் மாறக்கூடும் என்பதால், பாளையங்கோட்டையில் உறவினருக்கு நடந்ததைச் சொல்லி வள்ளியூரில் வாதாட வேண்டாம்.

முதலில் பலரும் தடுக்கி விழுவது முகவரியில்தான். தபால் முகவரியில் திருநெல்வேலி என்று இருந்தாலும், நகர விளிம்பிலுள்ள எத்தனையோ வீடுகள் ஊராட்சி எல்லைக்குள் இருக்கின்றன. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்; எந்த உள்ளாட்சி அமைப்பின் பெயரில் ரசீது வருகிறதோ அங்கேதான் மனு.

அடுத்தது நிலம் யாருடையது என்பது. புதர் பட்டா மனையில் இருந்தால் உள்ளாட்சி அமைப்பு உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் மும்பையிலோ வளைகுடாவிலோ இருப்பதாகச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், அதை ஏற்காதீர்கள். முகவரியைக் கண்டுபிடிப்பது அலுவலகத்தின் வேலை, உங்களுடையது அல்ல. பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய், குளத்துக்கரை என்றால் நீர்வளத் துறை, சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை, கோவில் மனை என்றால் அறநிலையத் துறை என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். புல எண்ணை அறிந்து, தமிழ்நாடு அரசின் இணைய சேவைத் தளத்தில் நிலம் யாருடையது என்று காட்டும் ‘அ’ பதிவேட்டு நகலை எடுத்து மனுவோடு இணைத்துவிட்டால், அந்தக் கைகாட்டலுக்கு இடமில்லாமல் போகும்.

மனுவில் “செடிகள் அதிகமாக உள்ளன” என்று எழுதினால் அது கிடப்பில் போகும். பாம்பு நடமாட்டம், தேங்கிய நீர், கொசு, பாதை மறைப்பு என்று சுகாதாரக் கேட்டைச் சொல்லி எழுதுங்கள். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் பேசுவது அந்தக் கேட்டைப் பற்றித்தான். தேதியிட்ட புகைப்படம் ஒன்றை இணைத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்கப்படாத மனுவாகவே நடத்தப்படுகிறது.

முதலமைச்சரின் உதவி மையமான 1100 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்த புகார், “உரிய துறைக்கு அனுப்பப்பட்டது” என்ற ஒரு வரியோடு முடித்துவைக்கப்படுவது உண்டு. ஒரு புதர்கூட வெட்டப்படாமல் புகார் மட்டும் தீர்ந்துவிடுகிறது. பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் பதியுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், உரிமையாளருக்கு அனுப்பிய அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பதால், அனுப்பாத அறிவிப்பு பல நேரங்களில் அப்போதுதான் அனுப்பப்படுகிறது.

அதற்கும் அசையாவிட்டால், திருநெல்வேலி அல்லது சேரன்மகாதேவி வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்கீழ் மனு கொடுக்கலாம். 2024 ஜூலை 1-க்கு முன்பு இது குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது. பொதுத் தொல்லை என்று காட்ட முடியாமல், இரண்டு வீட்டுக்காரர்களின் தகராறாகத் தெரிந்தால் மனு தள்ளுபடியாகும். ஆகவே தெருக்காரர்கள் பலரும் கையெழுத்திடுவது அவசியம்.

பொறுமை இழந்து நீங்களே ஆள் வைத்து வெட்டிவிடாதீர்கள். பட்டா மனையில் அத்துமீறி நுழைந்ததாகப் புகார் வரும். குளத்துச் சீமைக் கருவேலம் ஏலத்துக்கு உரியது என்பதால், வெட்டியவர் மீது திருட்டுப் புகாரே வரக்கூடும்.