ஈசி லிசனிங், நாஸ்டால்ஜியா: இரு சொற்களும் அவற்றுக்கான தமிழும்

பழைய வாத்தியக்குழு இசைத்தட்டுகளை விரும்பிக் கேட்பவர்களின் பேச்சில் 'ஈசி லிசனிங்', 'நாஸ்டால்ஜியா' ஆகிய இரண்டு சொற்களும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். முன்னது இசையின் பெயர். பின்னது அதைக் கேட்கும்போது எழும், பழையதை எண்ணி ஏங்கும் மனநிலையின் பெயர். இரண்டையும் ஒலிபெயர்த்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். பொருளைத் தொட்டுத் தமிழாக்க முயன்றால் இரண்டும் வெவ்வேறு வகையில் கையை விட்டு நழுவுகின்றன.

'ஈசி லிசனிங்' என்பதில் 'ஈசி' என்ற அடைமொழி கேட்டலைத்தான் சிறப்பிக்கிறது, இசையை அன்று. காதுக்கும் மனத்துக்கும் உழைப்பு வைக்காமல் கேட்க முடிவது என்பதே அதன் கருத்து. அமெரிக்காவின் 'பில்போர்டு' இதழ் 1961 ஜூலையில் இந்தப் பெயரில் ஒரு வாராந்தரத் தரவரிசையைத் தொடங்கியபோதுதான் அது ஓர் இசைவகையின் முத்திரையாக ஊன்றியது. அந்த வரிசையைத் தொகுத்த முறை வேடிக்கையானது. பொதுவான நூறு பாடல்களின் பட்டியலை எடுத்து, ராக் அண்ட் ரோல் என்று தோன்றியவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மறுபடி எண் இட்டார்கள். தனக்கென்று ஓர் இலக்கணம் இல்லாமல், 'அது அல்லாதது' என்ற கழித்தலில் பிறந்த பெயர் இது. இடையில் சில ஆண்டுகள் வேறு பெயர்களில் வந்த அந்த வரிசை, 1979இல் 'அடல்ட் கன்டெம்பரரி' என்று நிலையாகப் பெயர் மாறியது. அதில் பாடகர்களின் தட்டுகளே மிகுதியாக இடம்பெற்றன என்றாலும், இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது வயலின்கள் நிறைந்த பெரிய வாத்தியக்குழுதான்.

இதே இசைக்கு பிரிட்டனில் 'லைட் மியூசிக்' என்ற பெயர் இருந்தது. 'மூட் மியூசிக்' என்றும் விற்றார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்பி வழியே பின்னணி இசை அனுப்பிய தொழிலுக்கு, ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் 1934இல் 'மியூசிக்' என்ற சொல்லையும் 'கோடாக்' என்ற ஒளிப்படக்கருவி நிறுவனத்தின் பெயரையும் ஒட்டி 'மியூசாக்' என்று பெயரிட்டார். பின்னாளில் எல்லா மென்மையான வாத்திய இசையையும் 'லிஃப்ட் இசை' என்று ஏளனம் செய்தவர்கள், விரும்பி வாங்கிக் கேட்கும் தட்டு இசையையும் கம்பி வழியே வரும் பின்னணி இசையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள் என்பது என் கருத்து.

ஏனெனில் கேட்பதற்கு எளிதாக இருப்பதும் செய்வதற்கு எளிதாக இருப்பதும் ஒன்றல்ல. வாத்தியக்குழு நடத்துநர் மண்டோவானியின் குழு 1951இல் பதிவு செய்த 'சார்மெய்ன்' என்ற வால்ட்ஸ் நடன மெட்டை எடுத்துக்கொள்வோம். அதை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியவர் ரொனால்ட் பிஞ்ச். அவர் வயலின் கலைஞர்களைப் பல அணிகளாகப் பிரித்து, மெட்டின் சுரங்களை அணிக்கு ஒன்றாக வரிசையில் பங்கிட்டார். முதல் அணி தன் சுரத்தை வாசித்து அதை விடாமல் நீட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே அடுத்த அணி அடுத்த சுரத்தைத் தொடங்கும். அது நீளும்போதே மூன்றாவது அணி வந்து சேரும். இதனால் ஒவ்வொரு சுரமும் மறைவதற்கு முன்பே அடுத்ததோடு கலந்து, உயரமான கூரையுள்ள தேவாலயத்தில் ஒலி தங்கித் திரும்புவது போன்ற முழக்கம் பிறந்தது. எதிரொலியை உண்டாக்கும் கருவி எதையும் நாடாமல், எதிரொலியையே தாளில் சுரமாக எழுதி வைத்துவிட்டார் பிஞ்ச். 'அருவி போல் விழும் தந்திகள்' என்ற பொருளில் அந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே நிலைத்துவிட்டது.

இந்த இசை தழைக்கக் கருவியும் துணை நின்றது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே அடங்கும். கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்த 33⅓ சுற்று எல்.பி. தட்டின் ஒரு பக்கமோ 20 நிமிடத்துக்கு மேல் ஓடியது. எழுந்துபோய்த் தட்டை மாற்றாமல் ஒரே மனநிலையில் உட்கார்ந்திருக்க அப்போதுதான் வழி பிறந்தது. பெர்சி ஃபெய்த் குழுவின் 'எ சம்மர் ப்ளேஸ்' படக் கருப்பொருள் இசை 1960இல் அமெரிக்காவில் 9 வாரங்களும், போல் மோரியாவின் 'லவ் இஸ் ப்ளூ' 1968இல் 5 வாரங்களும் முதலிடத்தில் இருந்தன.

இனித் தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'எளிய இசை' என்றால், பிஞ்ச் பட்ட பாடெல்லாம் வீணாகிறது. 'இன்னிசை' எல்லா நல்ல இசைக்கும் பொது. 'மெல்லிசை' பொருளால் மிக நெருங்கியது. ஆனால் அது ஏற்கெனவே குடியேறிய வீடு. வானொலியில் அது ஒரு பாடல் வகையின் பெயர். மேடையில் திரைப்பாடல் கச்சேரியின் பெயர். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரையும் 'மெல்லிசை மன்னர்கள்' என்றபோது அது திரையிசையோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. வாத்தியக்குழுவுக்குப் 'பல்லியம்' என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு. இயம் என்றால் வாத்தியம். பல இயங்கள் சேர்ந்தது பல்லியம். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு சங்கப் புலவரே இருக்கிறார். ஆகவே, பாடல்களையும் உள்ளடக்கிய பரந்த வகைக்கு 'இதமிசை' என்றும், வாத்தியக்குழு மட்டும் வாசிப்பதற்கு 'மென்பல்லியம்' என்றும் சொல்லலாம் என்பது என் துணிவு. 'இதம்' வடசொல்லாயிற்றே என்பவர்கள் முன்னதை விட்டுவிடலாம். பின்னதில் அந்தக் குறையும் இல்லை.

'நாஸ்டால்ஜியா'வின் கதை மருத்துவத்தில் தொடங்குகிறது. 1688இல் பாசல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீடு திரும்புதலைக் குறிக்கும் 'நோஸ்டோஸ்', வலியைக் குறிக்கும் 'அல்கோஸ்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து, ஊரைப் பிரிந்தவர்களின் நோய்க்குப் பெயராக்கினார். ஆக, கிரேக்கச் சாயல் கொண்டிருந்தாலும் அது பண்டைய கிரேக்கர்கள் அறியாத சொல். அந்த நோய்க்கும் இசைக்கும் அன்றே தொடர்பு காணப்பட்டது. சிந்தனையாளர் ரூசோ 1768இல் வெளியிட்ட இசை அகராதியில், சுவிட்சர்லாந்தின் மாடு மேய்ப்போர் மெட்டைக் கேட்டால் கூலிப்படைச் சுவிஸ் வீரர்கள் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், செத்தும் போவார்கள் என்பதால், அதை வாசிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாகத் தடை செய்யப்பட்டிருந்தது என்கிறார். பின்னர் மருத்துவம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. இடத்துக்கான ஏக்கமாக இருந்தது காலத்துக்கான ஏக்கமாக மாறியது.

தமிழில் 'மலரும் நினைவுகள்' என்றால் பூ இருக்கிறது, வலி இல்லை. 'கழிவிரக்கம்' சொல்லமைப்பால் பொருத்தமானதே. ஆனால் இன்றைய வழக்கில் அது தன்னிரக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. உணர்வு நமக்குப் புதிதன்று. தொடித்தலை விழுத்தண்டினார் புறநானூற்றின் 243ஆம் பாட்டில், ஆழமான மடுவில் 'துடும்' எனப் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமை எங்கே போயிற்று என்று, கோலூன்றி இருமிக்கொண்டே கேட்கிறார். 'இனி நினைந்து இரக்கம் ஆகின்று' என்பது அந்தப் பாட்டின் முதல் அடி. நினைவும் இரக்கமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த இணைப்பைக் காக்கும் இன்றைய சொல் 'நினைவேக்கம்'. நடைமுறைக்கு அதுவே போதும்.

ஆயினும் 'படர்' என்ற பழஞ்சொல்லையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'படரே உள்ளல் செலவும் ஆகும்' என்கிறது தொல்காப்பியம். உள்ளல் என்பது நினைத்தல்; செலவு என்பது போதல். பிரிவில் வருந்துவதைப் பாடும் குறளின் 117ஆம் அதிகாரத்துக்குப் 'படர்மெலிந்திரங்கல்' என்று பெயர். நினைவு, பயணம், நோய் மூன்றையும் ஒற்றைச் சொல் தாங்குகிறது. ஹோஃபர் இரண்டு வேர்களை ஒட்டவைத்தும் நினைவு அதில் இடம்பெறவில்லை.

மென்பல்லியத்துக்கு இந்தச் சொல் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'சார்மெய்ன்' 1951இல் புதிய மெட்டு அன்று. 1926இல் வெளியான ஒரு பேசாப் படத்துக்காக எழுதப்பட்டது. அதை வாங்கிக் கேட்ட நடுவயதுக்காரர்களுக்கு அது அப்போதே தங்கள் இளமையின் பாட்டு. இன்று அதைக் கேட்டு உருகுபவர்களில் பலர் அந்த இரண்டு காலங்களிலும் பிறந்திராதவர்கள். அவர்கள் திரும்பிப் போக அங்கே வீடு எதுவும் இல்லை. 'நோஸ்டோஸ்' என்பதற்கு வீடு வேண்டும். படர்வதற்கு அது வேண்டியதில்லை.