தை மாசத்தில் காட்டோரம் வெட்டும் தீத்தடுப்புக் கோடு: என்ன, எதற்கு?

தையிலும் மாசியிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் போனால், காட்டுச் சாலையின் இரு பக்கமும் புல்லையும் புதரையும் வெட்டிக் கருக்கியிருப்பார்கள். "வனத்துறைக்காரங்களே காட்டுக்குத் தீ வைக்கிறாங்களே" என்று நம்மில் பலர் முணுமுணுப்போம். அதுதான் தீத்தடுப்புக் கோடு. எரிய எதுவும் மிஞ்சாத அந்தப் பட்டைக்கு வந்ததும் தீ தணியும். ஆள் நின்று அடித்து அணைக்கவும் இடம் கிடைக்கும். காற்று பலமாக வீசினால் தீப்பொறி தாண்டிவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நெருக்கியடித்து வளர்ந்த பைன் காடுகளில் தீ பரவாமலிருக்க இயந்திரத்தை இறக்கி, சிறு மரங்களை எடுத்து இடைவெளி விடுகிறார்கள். நம்முடையது இலையுதிர் காடு; அந்த வேலை இங்கே பொருந்தாது. இங்கே எரிவது காய்ந்த புல், சருகு, மூங்கில், எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடி (லன்டானா). மரத்தைப் பற்றி ஏறுகிற அந்தச் செடி, தரையில் ஓடும் தீயைக் கிளைக்குக் கூட்டிப்போகும். வெறுமனே வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். இப்படிப்பட்ட அயல் செடிகளை அகற்ற 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது.

கோடு வெட்டவும், கோடையில் தீக்காவலர்களை வைக்கவும் மத்திய அரசின் காட்டுத்தீ தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டத்தில் பணம் வருகிறது. நம் மாநிலத்துக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு.

காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி குற்றம். இந்தப் பக்கத்துக் காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். புதுப்புல் வரட்டும் என்று ஆடுமாட்டுக்காகக் கொளுத்துகிற வழக்கத்துக்கும் விலக்கு இல்லை. புல் என்னவோ வரும். மரக்கன்றுகள் கருகிப்போகும், உண்ணிச்செடி மட்டும் முன்னைவிடச் செழிக்கும். காட்டை ஒட்டி நிலம் இருந்தால் கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் மடக்கி உழுதுவிடுங்கள்.

இந்திய வன அளவை நிறுவனத்தின் இணையதளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிந்தால், செயற்கைக்கோள் கண்ட தீ பற்றிக் குறுஞ்செய்தி இலவசமாக வரும். ஆனால் தீயின் வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் விஐஐஆர்எஸ் என்ற கருவி உள்ள செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது பிற்பகல் 1.30, இரவு 1.30 வாக்கில். பிற்பகல் மூன்று மணிக்குப் பற்றிய தீ அதற்குத் தெரிய நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை காடு காத்திருக்காது. புகையைக் கண்ட ஆடு மேய்ப்பவர் வனக் காவலருக்கு உடனே ஒரு போன் போட்டால் போதும்.